இலங்கைக் கல்லும் ஈயத்தின் நிறையும்

ஈயத்தின் அணுநிறை யாது என அறிய விரும்பி இரசாயன நூலொன்றைப் புரட்டுபவர் அங்கே 207.2 என்னும் எண்ணைக் காண்பர். இவ்வெண் ஈயத்துக்கு ஈயம் மாறக்கூடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரசாயன அறிஞர் ஒருவரிடம் எவரேனும் கூறியிருப்பின் அவர் நகைத்திருப்பார். எந்த நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்தாலும் தூய ஈயம் ஈயமே, பொன் பொன்னே. ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் எல்லா வகையிலும் ஒத்தவை, அவற்றின் நிறையும் ஒன்றே என்பது யோன் தாற்றன் 1808 இல் வெளியிட்ட நூலிலே வகுத்த கொள்கை. இரசாயனம் என்னும் மாளிகை முழுவதும் அந்த அத்திவாரத்தின்மீதே எழுந்தது. அவ்வத்திவாரக் கற்களுள் ஒன்று 1914 ஆம் ஆண்டிலே பெயர்ந்தது. அதைப் பெயர்க்க உதவிய பொருள் இலங்கையிலிருந்து கப்பலேறிச் சென்ற ஒரு கனியம் என்பது நம் நாட்டு மாணவர்களிற் பலர் அறியாத செய்தி.

சடப்பொருள் யாவும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியவை என்னும் எண்ணம் மிகப் பழையது. விஞ்ஞான முறையில் அதனை முதலில் எடுத்துரைத்தவர் இலண்டன் நகரத்து வைத்தியர் வில்லியம் பிரௌற். மூலகங்களின் அணுநிறைகள் ஐதரசனுடைய அணுநிறையின் முழு மடங்குகளாகவே இருப்பதுபோலத் தோன்றுகின்றன என்றும், ஆதலால் எல்லா மூலகங்களும் ஐதரசனாலானவையாக இருக்கலாம் என்றும் 1815 இல் அவர் எழுதினார். எழுதியவர் தம் பெயரை இடவில்லை. பெயரிடாததும் நல்லதாயிற்று என்று பிறர் எண்ணும்படி அக்கொள்கை விரைவிலே தோல்வி கண்டது. அளவைகள் திருத்தமடைய அடையக் குளோரீனின் அணுநிறை 35.5 என்றே நின்றது. அரை ஐதரசன் என்று ஒன்று உண்டோ? இல்லை. ஆகவே பிரௌற்றின் கருத்து அழகிய கற்பனை எனத் தள்ளி வைக்கப்பட்டது. அது மீண்டும் உயிர்பெறுவதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது.

இனி இலங்கையின் கதைக்கு வருவோம். 1903 ஆம் ஆண்டு தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரான இவரைக் கலையறிஞர் என்றே உலகம் அறியும். நடராச வடிவத்தின் தத்துவத்தை மேனாட்டார்க்கு விளக்கிய அப்பெரியார், தம் இளமையிலே கையிற் சுத்தியலுடன் மலைநாட்டுப் பாறைகளை ஆராய்ந்து திரிந்த புவிச்சரிதவியலாளர் என்பது பலருக்கு வியப்பைத் தரும். அவர் காலத்திலே, 1904 இல், பலாங்கொடைப் பகுதியில் ஒரு புதுமையான கனியம் அகப்பட்டது. இரத்தினக்கல் அகழ்வோர் இல்லம் எனப் பெயரிட்டழைக்கும் சரளைப் படையைக் கழுவும்போது, நீலமும் புட்பராகமும் தேடுவோர் கையில் கறுத்த சிறு கனசதுரப் பளிங்குகள் சிக்கின. அளவிற் சிறியவை; ஆனால் தூக்கிப் பார்த்தாற் கனத்தன. நீரைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தி. முதலில் அவை யுரேனியக் கனியமென்றே கருதப்பட்டன. இலண்டனில் வின்டம் டன்ஸ்டன் அவற்றைப் பகுத்தாய்ந்தபோது பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்பது தெளிவாயிற்று. முன்பு எங்குமே அறியப்படாத அக்கனியத்துக்குத் தோரியனைற்று என்னும் பெயர் வழங்கலாயிற்று.

தோரியத்துக்கு அக்காலத்திலே நல்ல விலை இருந்தது. அதற்குக் காரணம் விஞ்ஞானமன்று, விளக்கு. பெற்றோமக்ஸ் விளக்கை அறிந்த நேயர்கள் அதன் உள்ளே தொங்கிய வெண்மையான மாண்டிலை மறந்திருக்கமாட்டார்கள். கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் இரவைப் பகலாக்கிய அந்த மெல்லிய வலை, நெருப்புப்பட்டதும் நூலெல்லாம் எரிந்துபோக எஞ்சிநின்ற தோரியம் ஒட்சைட்டேயாம். அதனுடன் நூற்றில் ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டும் சேர்ந்திருந்தது. ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகள் யாவும் இம்மாண்டிலை வேண்டி நின்ற காலம் அது. ஆகவே இலங்கைக் கல்லை வணிகர் நாடினர். அவர்களுடன் விஞ்ஞானிகளும் நாடினர்.

இலண்டனில் சேர் வில்லியம் இராம்சே அக்கல்லை விரும்பியதற்கு வேறு காரணமுண்டு. சூரியனுடைய ஒளியில் மாத்திரம் 1868 இல் காணப்பட்ட ஈலியம் என்னும் வாயுவை 1895 இல் பூமியிலே கண்டுபிடித்தவர் அவர். தோரியனைற்றைச் சூடாக்கினால் ஈலியம் வெளிவந்தது; ஒரு கிராம் கல்லிலிருந்து ஏறத்தாழ 9 கன சதமமீற்றர். எதனுடனும் சேராத அந்த வாயு கல்லுக்குள் எவ்வாறு புகுந்தது? அது புகவில்லை, அங்கேயே பிறந்தது என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சி காட்டிற்று. கதிர்த்தொழிற்பாடுடைய அணுக்கள் வெளியே எறியும் அல்பாத் துணிக்கைகள் ஈலிய அணுக்களேயென்று 1908 இல் இரதபோட், உரோய்ட்சு என்னும் இருவரும் நிறுவினர். பாறையின் இருளிலே கோடிக்கணக்கான ஆண்டுகளாக எறியப்பட்ட துணிக்கைகள் அடைபட்டுக் கிடந்து வாயுவாய் வெளிப்பட்டன.

இராம்சேயிடம் 1904 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு செர்மானிய இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் ஓட்டோ ஹான். கதிர்த்தொழிற்பாடு பற்றி அவர் ஏதும் அறியார். வணிக நிறுவனமொன்றில் வேலை பெறுவதற்கு ஆங்கிலம் பயிலவேண்டியிருந்தது. அதற்காகவே அவர் இலண்டன் வந்தார். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்த பேரிய உப்பை அவரிடம் கொடுத்து, இதிலுள்ள ரேடியத்தை வேறாக்குக என்றார் இராம்சே. ஹான் அப்பணியைச் செய்தார். ரேடியம் கிடைத்தது, அதனுடன் எதிர்பாராத வேறொன்றும் கிடைத்தது. தோரியத்தைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு வீரியமாகக் கதிர் வீசிய அப்பொருளுக்கு ரேடியோதோரியம் என்று 1905 இல் அவர் பெயரிட்டார். அமெரிக்காவிலிருந்த போல்ற்வூட் என்னும் அறிஞர் இதனை நம்பவில்லை. தோரியம் எக்சும் மடமையும் சேர்ந்த சேர்வையே இது என்று இரதபோட்டுக்கு எழுதிய கடிதமொன்றிற் பரிகசித்தார். ஹான் மொன்றியலுக்குச் சென்று இரதபோட்டின் ஆய்வுகூடத்திலே தம் பொருளை நேரிற் காட்டியபின் பரிகாசம் அடங்கிற்று.

ஆயினும் புதிரொன்று எஞ்சியது. 1907 இல் சிக்காகோவில் மக்கோய், உரொஸ் என்னும் இருவர் தோரியத்திலிருந்து ரேடியோதோரியத்தைப் பிரிக்க முயன்றனர். அறிந்த வழிகள் யாவற்றையும் கையாண்டும் இயலவில்லை. ஹான் செய்ததை வேறு எவராலும் ஏன் செய்ய முடியவில்லை? அதே ஆண்டில் ஹானே விடையைக் கண்டார். தோரியம் நேராக ரேடியோதோரியம் ஆவதில்லை. இடையிலே மெசோதோரியம் என ஒன்று நிற்கின்றது. அது ரேடியத்தைப் போன்ற குணமுடையது. ஆகவே பேரிய உப்புடன் போய்விடுகின்றது. அந்த உப்பு சில காலம் கிடந்தபோது மெசோதோரியம் சிதைந்து ரேடியோதோரியம் பிறந்தது. ஹான் பிரித்தது இவ்வாறு பிறந்ததையேயன்றித் தோரியத்தோடு கலந்துநின்றதையன்று. கலந்துநின்றதை எவராலும் பிரிக்கமுடியாது. இங்கேதான் சிந்திக்கவேண்டிய செய்தி உண்டு. ரேடியோதோரியம் இரண்டு ஆண்டுகளுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். தோரியமோ பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். வாழ்நாளில் இத்துணை வேறுபாடுடைய இரு பொருள்கள் இரசாயனக் குணத்தில் ஒரு மயிரிழையளவும் வேறுபடவில்லை.

இந்தப் புதிரை உள்ளத்திற் சுமந்து திரிந்தவர் கிளாஸ்கோவிலிருந்த பிரெடெரிக் சொடி. பிரிக்கமுடியாத இரட்டையர்கள் ஒன்றல்ல, பல என்பதை அவர் கண்டார். 1913 இல் அவரும், வேறிடத்திலிருந்து கசிமிர் பயான்சு என்பவரும், ஒரு விதியை வெளியிட்டனர். ஓர் அணு அல்பாத் துணிக்கையை எறிந்தால் மூலக அட்டவணையில் இரண்டு இடம் கீழே இறங்கும். பீற்றாத் துணிக்கையை எறிந்தால் ஓரிடம் மேலே ஏறும். ஒருமுறை அல்பாவும் இருமுறை பீற்றாவும் சென்றால் புறப்பட்ட இடத்துக்கே அணு திரும்பிவிடும். ஆனால் நிறையில் நான்கு குறைந்திருக்கும். தோரியத்துக்கும் ரேடியோதோரியத்துக்கும் இடையே நிகழ்ந்தது இதுவே. இடம் ஒன்று, நிறை வேறு. இத்தகைய அணுக்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது. சொடியின் மாமனார் வீட்டு விருந்திலே மாகரெட் தொட் என்னும் பெண் வைத்தியர், அவர் நாவலாசிரியருமாவார், கிரேக்க மொழியில் ஒரே இடம் எனப் பொருள்படும் ஐசோதோப்பு என்னும் சொல்லை எடுத்துக்கொடுத்தார். இலங்கைத் தமிழ் நூல்கள் இதனைச் சமதானி என்கின்றன. தானம் என்பது இடமாதலின் கிரேக்கச் சொல்லின் கருத்து அதிலே முழுமையாக வந்துவிடுகின்றது. தமிழகத்தார் வழங்கும் ஓரிடத்தான் என்னும் சொல்லும் அழகியதே.

பெயர் கிடைத்தது, சான்று வேண்டுமே. தம் விதியையே சொடி சான்றுக்கு அழைத்தார். நேயர்கள் தாமே மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். தோரியத்தின் அணுநிறை 232. அது படிப்படியாகச் சிதைந்து ஓய்வதற்கு முன் ஆறு அல்பாத் துணிக்கைகளை எறிகின்றது. ஒன்றுக்கு நான்காக இருபத்துநான்கு கழிந்தால் எஞ்சுவது 208. யுரேனியத்தின் நிறை 238. அது எறிவது எட்டு. முப்பத்திரண்டு கழிய 206. இரண்டு தொடர்களும் போய் முடியும் இடம் ஈயத்தின் இடமே. அப்படியாயின் தோரியத்திலிருந்து பிறந்த ஈயம் கனமானதாகவும், யுரேனியத்திலிருந்து பிறந்த ஈயம் இலேசானதாகவும், கடையில் விற்கும் ஈயம் இரண்டுக்கும் இடைப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். தாற்றன் கொள்கை சரியாயின் மூன்றும் 207.2 என்றே வரவேண்டும். இருவரில் ஒருவர் பிழை.

யுரேனிய ஈயம் பெறுவது எளிது. தோரிய ஈயம் பெறுவதே அரிது. ஏனெனில் தோரியம் மிகுந்த கனியங்கள் பெரும்பாலும் யுரேனியத்தையும் நிறைய உடையன. தோரியனைற்றிலும் யுரேனியம் கணிசமாக உண்டு. இங்கேயும் இலங்கையே கைகொடுத்தது. தோரைற்று என்பது தோரியத்தின் சிலிக்கேற்று. இலங்கைத் தோரைற்றிலே தோரியம் பாதிக்கு மேல். யுரேனியமோ நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு மாத்திரமே. அதிலுள்ள ஈயம் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. பெருமளவு கல்லை உருக்கியும் கரைத்தும் சிறிதளவு ஈயத்தைப் பெற்ற சொடியும் அவர் துணைவர் ஹைமனும் 1914 இல் அதன் அணுநிறையை அளந்து 208.4 என அறிவித்தனர். அதே ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இரிச்சட்சும், பயான்சு அனுப்பிய மாணவரான இலெம்பேட்டும் யுரேனியக் கனியங்களின் ஈயத்தை அளந்தனர். அது சாதாரண ஈயத்திலும் இலேசாகவே இருந்தது. இரிச்சட்சு அணுநிறை அளப்பதில் அக்காலத்துத் தலைசிறந்தவர். அவர் தராசு காட்டியதை மறுக்க எவரும் துணியவில்லை.

சொடி இத்துடன் அமையவில்லை. அவர் செய்த அடுத்த சோதனை முந்தியதிலும் நுட்பமானது. எளிமையாற் கூடுதலாக மனத்தைக் கவர்வது. ஒரே பருமனுடைய இரண்டு தேங்காய்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று மற்றதிலும் கனமாயிருக்கலாம். கூடையிலே இரண்டும் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்றே. சமதானிகளும் அப்படித்தான் என்று சொடி கருதினார். வெளிப்புறத்தில் அவை ஒன்றே; வேறுபாடு நடுவிலே மறைந்திருக்கின்றது. ஆகவே தோரிய ஈயத்தின் அணு எவ்வளவு விகிதம் கனமானதோ அவ்வளவே அந்த ஈயத்தின் அடர்த்தியும் கூடியிருத்தல் வேண்டும். இலங்கைத் தோரைற்றின் ஈயத்தை அவர் அளந்து 1915 இல் வெளியிட்ட முடிவு: சாதாரண ஈயத்திலும் நூற்றுக்கு 0.26 கூடுதல். அணுநிறை அளப்பதில் வல்லவரான ஓட்டோ ஹோனிக்ஷ்மிட் அதே ஈயத்தைத் திரும்பவும் அளந்தபோது 207.77 கிடைத்தது, அது 1917 இல் வெளிவந்தது. 207.77 ஐ 207.2 ஆல் வகுத்துப் பார்த்தால் கூடுதல் நூற்றுக்கு 0.27 அளவில் வருகின்றது. சொடியின் முதல் எண்ணான 208.4 சற்று மிகையானது என்பதும் இதனாலே தெரிந்தது. முழுமையாக 208 வராமைக்குக் காரணம் அந்த ஈயம் தனித் தோரிய ஈயமன்று என்பதே. கல்லிலிருந்த சிறிதளவு யுரேனியத்தின் ஈயம் முதலியனவும் அதிற் கலந்திருந்தன. ஒரு கண்டுபிடிப்பின் பெருமை முதல் எண்ணின் திருத்தத்திலன்று, அது எந்தப் பக்கம் சாய்கின்றது என்பதிலேயே தங்கியிருந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பிரௌற்றும் இதனாற் பிழைத்தார். 1919 இல் அஸ்டன் என்பவர் கேம்பிரிட்ஜில் அமைத்த கருவி, குளோரீன் அணுக்களை நிறைப்படி வேறாக்கி ஒளிப்படத் தட்டிலே வரிசைப்படுத்திற்று. அங்கே 35.5 என்ற கோடே இல்லை. 35 இல் ஒன்று, 37 இல் ஒன்று. நான்கில் மூன்று பங்கு முன்னையது, ஒரு பங்கு பின்னையது, 35.5 வெறும் சராசரி. ஊரார் வயதின் சராசரி முப்பதரை என்றால் முப்பதரை வயதினர் எவரும் அவ்வூரில் இருக்கவேண்டும் என்பதில்லை அன்றோ? நூறாண்டு காலம் அறிஞர் உலகம் ஒரு சராசரியைக் கண்டு மயங்கி நின்றது.

வெளிப்புறம் ஒன்று, நடு வேறு என்றால் அந்த நடு யாது? தொம்சன் 1897 இல் இலத்திரனைக் கண்டார். 1911 இல் இரதபோட் அணுவின் கருவைக் கண்டார். பொற்றகட்டை நோக்கி எய்த அல்பாத் துணிக்கைகளுட் சில மோதித் திரும்பிவந்தமையே அவருக்குச் சான்று. ஈய அணுவை 250 மீற்றர் அகலமுள்ள வட்டவெளியாகப் பெருக்கினால் அதன் கரு நடுவிலே கிடக்கும் ஒரு சதமமீற்றர்க் கடலையளவே இருக்கும். நிறை அனைத்தும் அந்தக் கடலைக்குள்ளேதான். இரசாயனக் குணத்தை வகுப்பவை சுற்றியுள்ள இலத்திரன்கள். அவற்றின் தொகையை வகுப்பது கருவின் ஏற்றம். ஈயமாயின் அது 82. இந்த எண்ணே மூலகத்தின் உண்மையான அடையாளம், நிறையன்று என்பதை 1913 இல் எக்ஸ் கதிர்களாற் காட்டியவர் மோஸ்லி. இரண்டாண்டுகளில், தம் இருபத்தேழாவது வயதிலே, கலிப்பொலிப் போர்க்களத்தில் அவர் மாண்டார்.

ஏற்றம் 82 ஆயின் நிறை ஏன் 206 உம் 208 உம் ஆகின்றது? கருவுக்குள் 208 புரோத்தன்களும், மிகையான ஏற்றத்தை அழிக்க 126 இலத்திரன்களும் உள்ளன என்று சில காலம் கூறினர். இவ்விளக்கத்துக்குப் பேரிடி விழுந்தது நைதரசனால். இக்கணக்கின்படி நைதரசன் கருவில் 14 புரோத்தன்கள், 7 இலத்திரன்கள், ஆக 21 துணிக்கைகள், ஒற்றை எண். ஒற்றை எண்ணுடைய கருவின் சுழற்சி ஒருவகையாகவும் இரட்டை எண்ணுடையதன் சுழற்சி வேறு வகையாகவும் இருக்கும். 1929 இல் இத்தாலியரான இரசெற்றி நைதரசன் வாயுவை ஆராய்ந்தபோது கரு இரட்டை எண்ணுக்குரியதாகவே நடந்தது. அவர் கையாண்ட முறை, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் ஓராண்டுக்கு முன் கல்கத்தாவிலே கண்டுபிடித்த இராமன் விளைவு. 1932 இல் சாட்விக், ஏற்றமில்லாத நியூத்திரனைக் கண்டார். கணக்கு நேராயிற்று: நைதரசனில் ஏழும் ஏழும் பதினான்கு. ஈயத்திலே 82 புரோத்தன்களுடன் 124 நியூத்திரன்கள் இருந்தால் யுரேனியம் பெற்ற ஈயம். 126 இருந்தால் தோரியம் பெற்ற ஈயம். இலங்கைக் கல்லுக்கும் மற்றக் கற்களுக்கும் இடையிலே தராசு கண்ட வேறுபாடு அணுவொன்றுக்கு இரண்டு நியூத்திரன்களின் வேறுபாடேயாகும்.

புரோத்தனும் நியூத்திரனும் இறுதியானவையல்ல. அவை குவார்க்குகளாலானவை என 1964 இல் கெல்மான், சுவைக் என்னும் இருவர் தனித்தனியே கூறினர். 1968 தொடக்கம் கலிபோணியாவிலே இலத்திரன்களைப் புரோத்தன்மீது எய்து நடத்திய சோதனைகள் அதன் உள்ளே சிறு புள்ளிகள் இருப்பதைக் காட்டின. ஒவ்வொன்றிலும் மூன்று குவார்க்குகள். விந்தை யாதெனின், அம்மூன்றின் நிறைகளையும் கூட்டினால் புரோத்தனின் நிறையில் நூற்றில் ஒரு பங்களவே தேறுகின்றது. எஞ்சியது குவார்க்குகளின் வேகமும் அவற்றைப் பிணைத்து நிற்கும் விசையின் சத்தியுமேயாம். கையிலே ஈயக்கட்டியைத் தூக்குபவர் உணரும் கனத்திற் பெரும்பங்கு, சிறு கூட்டுக்குள் அடங்காது துடிக்கும் சத்தியின் கனம். குவார்க்கும் இலத்திரனும் இன்னும் சிறியவற்றாலானவை என்பதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை.

ஹான் ஆங்கிலம் கற்கவந்த நோக்கத்தை மறந்தே போனார். 1938 இன் இறுதியில் பேர்ளினிலே அவரும் ஸ்திராஸ்மனும் நியூத்திரன் பட்ட யுரேனியத்திற் பேரியத்தைக் கண்டனர். யுரேனியக் கரு இரண்டாகப் பிளந்ததே அது என்று விளக்கியவர்கள் லீசா மைற்னரும் அவர் மருமகன் பிரிஷும். இலண்டனிலே இலங்கைக் கல்லின் பேரிய உப்பில் பயின்ற பிரிப்பு முறையே முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னும் அவர் கைக்கு உதவிற்று.

தோரியம் பெற்ற ஈயத்தைப் பற்றி மேலும் ஒரு செய்தி உண்டு. அதற்கு மேற்பட்ட பிசுமதுவே சிதையாத அணுக்களுட் கனமானது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பிசுமதுவும் மிக மிக மெதுவாகச் சிதைகின்றது என்பதைப் பிரான்சில் 2003 இல் அளந்து காட்டினர். அதனால், சிதைந்ததாக எவரும் காணாத அணுக்களுள் இன்று கனத்தில் முதல் நிற்பது 208 நிறையுடைய ஈயமே. பலாங்கொடைச் சரளையிற் கிடக்கும் தோரியமோ இன்னும் பயணத்தை முடிக்கவில்லை. இலங்கையின் பழைய பாறைகள் உருப்பெற்றுச் சுமார் 55 கோடி ஆண்டுகள் கழிந்தும் அதில் நூற்றுக்கு மூன்று பங்குகூட ஈயமாகவில்லை. ஒவ்வொரு கிராம் தோரியத்திலும் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைந்துகொண்டேயிருக்கின்றன.